பதினெட்டாம் நாளுக்குப் பிறகு

ஜூன் 9, 1983

காலையில் குஞ்சு பொரிக்கிற பெட்டியைத் திறந்தபோது ஒரு முட்டை வெடித்தது. பெரிய சத்தமில்லை. ஈரத்துணியை உதறினது போல ஒன்று, அவ்வளவுதான். ஆனால் பின்னாலேயே வந்த நாற்றத்தை எழுதினால் இந்த டைரியும் நாறும். பச்சைத் தண்ணீர் தட்டு முழுக்கத் தெறித்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. இது என் சட்டையில்.

பொரிக்க வேண்டிய நாள் இன்று. மூன்றில் ஒரு பங்குகூடப் பொரிக்கவில்லை. வெளியே வந்த குஞ்சுகளும் தொப்புள் மூடாமல், வயிறு ஊதி, எழுந்து நின்றால் சாய்கின்றன.

சுந்தரபாய்க்கு என்ன சொல்ல? ஜின்னிங் மில்லை மூடி என்னை வெளியே விட்டபோது, "ஒரு இன்குபேட்டர் வாங்குங்க, நம்ம பக்கம் குஞ்சுக்கு ஆளு அலையுதாங்க" என்று யோசனை சொன்னவள் அவள். வாங்கப் பணம் அனுப்பியவளும் அவள்தான். குவைத்தில் நர்ஸ் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. சேர்ந்து இருந்தது ஐந்து மாதமும் ஒரு லீவும். இந்த வருடக் கடைசியில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. பெட்டி ஒழுங்காக ஓடி, இரண்டு பேர் சாப்பிட வழி பண்ணினால் மறுபடி கையெழுத்துப் போடாமல் வந்துவிடுவாள். ஓடாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அங்கேதான். இதுதான் எங்கள் பேச்சு.

சட்டையை இரண்டு தரம் துவைத்தாயிற்று.

ஜூன் 10

நாற்றம் போகவில்லை. சோறு இறங்கவில்லை.

ஜூன் 13

கால்நடை டாக்டர் சுயம்புலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மில் காலத்திலிருந்து பழக்கம். என்னைக் கேலி பண்ணாமல் அவருக்கு ஒரு நாள் போகாது. பொரியாத முட்டைகளை முற்றத்தில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தார். மூக்கைக்கூடப் பிடிக்கவில்லை.

"முட்டைய யாரு வே கழுவினது?"

"யாரும் கழுவல டாக்டர்."

"கழுவியிருக்கு. கோழி போட்ட முட்டை மேல ஒரு படலம் இருக்கும். இதுல காணும். முட்டைக்கும் மூச்சு உண்டு வே. குளுந்த தண்ணி பட்டா உள்ள சுருங்கும். ஓட்டு மேல கெடக்க தண்ணிய, அழுக்கோட அப்படியே உறிஞ்சிக்கிடும். அதுக்குப் பெறவு நீரு கதகதப்பா வச்சு வளத்திருக்கீரு. குஞ்ச இல்ல, கிருமிய."

சிரித்துவிட்டுத்தான் வழி சொன்னார். கழுவாத முட்டையாக வாங்க வேண்டும். வந்த அன்றைக்கே, சூடு காட்டுவதற்கு முன்னால், மூட்டம் போட வேண்டும். காற்றுப் போகாத இடத்தில் முட்டைகளை அடுக்கி, மண்சட்டியில் பெர்மாங்கனேட்டைப் போட்டு அதன்மேல் பார்மலினை ஊற்றினால் புகையாகக் கிளம்பும். அந்தப் புகை ஓட்டின் மேல் இருக்கிற கிருமியைக் கொல்லும். பொரிப்பதும் கூடும், குஞ்சு தொப்புள் புண் இல்லாமல் நன்றாக வளரும் என்றார். "ஊத்தின உடனே வெளிய ஓடி வந்திரும். நின்னு வேடிக்கை பாத்தீருன்னா உம்மயும் சேத்துக் கொன்னுரும்."

ஜூன் 14

முட்டை கொண்டுவரும் பேச்சித்தாயோடு சண்டை. கரிவலம் பக்கத்து வீடுகளில் சேகரித்து, வைக்கோல் கூடையில் அடுக்கி, காலை பஸ்ஸில் வருவாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவள் விடுகிற ஆளா?

"நீங்கதான அண்ணாச்சி, போன தரம் சாணி ஒட்டியிருக்குன்னு மூஞ்சியச் சுழிச்சிய? அதுக்குத்தான் குளத்துல வச்சு ஒவ்வொண்ணாக் கழுவி பளபளன்னு கொண்டாந்தேன். பஸ்ல கண்டக்டர்கூட, இது என்ன முட்டையா முத்தான்னு கேட்டான். நீங்க என்னடான்னா நாறுதுங்கிய!"

மூஞ்சியைச் சுழித்தது நான்தான். அவள் கழுவினது எனக்காகத்தான். இனிமேல் கழுவ வேண்டாம், சாணி ஒட்டினதைத் தனியாக எடுத்துவிடு என்றேன். "இதத்தான மொதல்லயே சொல்லணும்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 16

மூட்டம் போடக் காற்றுப் போகாத இடம் வேண்டுமே. வீட்டில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த இரும்பு பீரோ.

அவள் சேலைகளை எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். ஆறு சேலை. பாச்சை உருண்டையும் அவள் போடும் பவுடரும் கலந்த வாசனை இன்னும் இருந்தது. நான்கு வருடமாக அந்த பீரோவை அடிக்கடி திறந்து மூடுவேன். எதற்கு என்று கேட்க இங்கே யாரும் இல்லை.

ஜூன் 17

முதல் மூட்டம். பீரோ தட்டுகளில் முட்டைகளை அடுக்கி, அடியில் சட்டியை வைத்து, பார்மலினை ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கி வந்தது. கதவைச் சாத்தி வெளியே ஓடி வருவதற்குள் கண், மூக்கு, தொண்டை எல்லாம் எரிந்தது. முற்றத்தில் உட்கார்ந்து கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தேன். பேச்சித்தாய் அப்போது பார்த்து வந்தாள்.

"ஏ அண்ணாச்சி, எதுக்கு அழுதிய? ஊர்லருந்து சேதி ஏதும் வந்துச்சா?"

"மருந்து. மருந்து நெடி."

அவள் போன பிறகும் நிற்கவில்லை. பாதி மருந்து, மீதி என்னுடையது. அழுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்ததே என்று இருந்துவிட்டேன்.

ஜூன் 18

புதுத் தட்டு வைத்தாயிற்று. பதினெட்டு நாள் வரை தினம் மூன்று வேளை முட்டைகளைப் புரட்ட வேண்டும். அதற்குப் பிறகு புரட்டக் கூடாது. இருபத்தோராம் நாள் குஞ்சு. பீரோவில் இப்போது பார்மலின் நெடிதான். பவுடர் வாசனை போய்விட்டது. இதை யோசிக்காமல் பண்ணிவிட்டேன்.

ஜூன் 26

சர்ச்சில் உபதேசியார் மனைவி கிருபாபாய் மறித்துக்கொண்டார்கள். "சுந்தரபாய் எப்ப வாரா? வருஷக் கடைசியிலயா? மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டுப் போங்க." வீட்டில் குழம்பு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். பரிதாபப்பட்டுப் போடுகிற சோறு எனக்கு ஆகாது. வந்து ரொட்டியும் சீனியும் தின்றேன்.

வந்ததும் முட்டை புரட்டினேன். புரட்டின பிறகும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து வெதுவெதுப்பாக முகத்தில் படுகிறது. இந்த வீட்டில் சூடாக இருப்பது அது ஒன்றுதான்.

ஜூலை 1

பாதுஷா வந்திருந்தான். குவைத்தில் டிரைவர்; நோன்புப் பெருநாளுக்கு லீவில் வந்திருக்கிறான். சுந்தரபாய் கொடுத்துவிட்ட கேசட்டைத் தந்தான். "அக்கா நல்லா இருக்காங்க அண்ணாச்சி" என்றான். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அவள் வார்டில் குறைமாதப் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றனவாம். "உங்களுக்கு ஒரு பெட்டி, எனக்குப் பன்னெண்டு பெட்டி" என்று சிரிக்கிறாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பிள்ளை ஒன்று நேற்று முதல்முறையாகப் பால் குடித்ததாம். எப்போதும் போலச் சந்தோஷமாகத்தான் பேசுகிறாள். சில சமயம் அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அங்கே இவ்வளவு சந்தோஷம் இருந்தால் இங்கே எதற்கு வர வேண்டும்?

நடுவில் நடுவில் டக், டக் என்று ஒரு சத்தம். என் டேப் ரிக்கார்டர் பழசு. ரேடியோ கடை ஆதம் பாயிடம் காட்ட வேண்டும்.

ஜூலை 3

முட்டைகளை இருட்டில் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கெட்டது அனேகமாக இல்லை. உள்ளே கருப்பாக அசைகிறது. சுயம்புலிங்கம் வாழ்க.

ஜூலை 7

பத்தொன்பதாம் நாள். இன்று பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கேசட் பேசினேன். தெருவில் தறிச் சத்தம், அதோடு என் குரல். என்ன பேசுவது என்று தெரியாமல் எப்போதும் போல "எப்ப வார, எப்ப வார" என்றே கேட்டேன். நடுவில் நடுவில் ஓட்டில் குஞ்சின் கொத்து விழுந்துவிட்டதா என்று பார்த்து அவளுக்குச் சொன்னேன்.

ஜூலை 10

நாற்றம் இல்லை. வெடிக்கவும் இல்லை. பொரித்த குஞ்சுகள் தொப்புள் மூடி, காலூன்றி, கண் பளிச்சென்று இருக்கின்றன. ஒன்றுகூடச் சாயவில்லை.

ஆனால் பாதிதான் பொரித்தது. மீதி முட்டைகளை உடைத்துப் பார்த்தேன்—முழுக் குஞ்சு. சிறகு, நகம் எல்லாம் வளர்ந்து, மூக்கு ஓட்டைத் தொட்டபடி, சவ்வில் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடக்கிறது. சில ஓட்டில் ஒரு கொத்து விழுந்திருக்கிறது. அதோடு சரி. வெளியே வர ஒரு விரல்கடை தூரம். கிருமியில் செத்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. இவ்வளவு தூரம் வந்து—ஏன்?

ஜூலை 14

பாதுஷா கிளம்புகிறான். கேசட்டைக் கொடுத்தேன். பொரித்த கணக்கை அதில் சொல்லவில்லை. அடுத்த தட்டு நன்றாக வரட்டும், சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 16

மூட்டம் போட்டு அடுத்த தட்டு வைத்தேன். "ஈரம் பத்தாமத்தான் வே ஒட்டிக்கிட்டுச் சாவுது" என்றார் டாக்டர். தண்ணீர்த் தட்டு இரண்டாக வைத்திருக்கிறேன். கடைசி மூன்று நாள் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிப்பதாக உத்தேசம்.

ஜூலை 24

கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம். நம் தெருவில் கால் வைக்க இடமில்லை. எங்கிருந்தோ வந்த குடும்பங்கள் என் வீட்டு நடையில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தார்கள். பிள்ளைகள் அழுகை, பலூன்காரன் சத்தம். நாளை எல்லாரும் போய்விடுவார்கள்.

பேச்சித்தாய் கோவிலிலிருந்து நேராக வந்தாள். இலையில் புற்று மண். "அண்ணாச்சி, நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்கன்னு தெரியும். ஒரு ஓரமாப் பூசிக்கிடுதேன். நம்ம முட்டைல்லா?" பெட்டியின் தலையில் விரலால் ஒரு கோடு போட்டாள். முட்டையில் மட்டும் பூசாதே, ஓட்டுக்கு மூச்சு முட்டும் என்றேன். "எல்லாம் டாக்டரு மாதிரியே பேசுதிய" என்று சிரித்தாள். அந்தக் கோட்டை நான் துடைக்கவில்லை.

ஆகஸ்ட் 4

பத்தொன்பதாம் நாள். தண்ணீர் தெளித்தேன். மறுபடி தெளித்தேன். கொத்து விழுந்துவிட்டதா என்று பார்த்தேன். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 7

இதுவும் போச்சு. போன தடவையைவிடக் குறைவு. செத்தது அத்தனையும் முழுக் குஞ்சு, அத்தனையும் ஓட்டுக்குள்ளே. என்ன செய்யணும், என்னதான் செய்யணும் நான்? சொன்னதெல்லாம் செஞ்சாச்சே. முற்றத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். பக்கத்துத் தறிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 9

மறைத்து என்ன ஆகப் போகிறது? அவளுக்கு ஏர் மெயிலில் எழுதிப் போட்டுவிட்டேன். 'இந்தத் தட்டும் போய்விட்டது. இது எனக்கு வராது போலிருக்கிறது. உன் விருப்பம்.' அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைப் போட்டிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 17

தபாலில் அவள் கேசட். ஜூலையில் நான் பேசி அனுப்பியதற்குப் பதில். சொன்னது அப்படியே மனசில் நிற்கிறது.

"என்னங்க, நீங்க பேசினத மூணு தரம் கேட்டேன். மொதத் தரம் உங்க கொரலக் கேட்டேன். ரெண்டாந் தரம் நம்ம தெருத் தறிச் சத்தத்தக் கேட்டேன். மூணாந் தரந்தான் இன்னொண்ணு காதுல விழுந்துச்சு. கிறீச், கிறீச்சுன்னு. பெட்டிக் கதவுதான அது? பத்தொம்பதாம் நாளுன்னு நீங்களே சொல்லுதிய. அன்னைக்கு எதுக்கு அத்தன தரம் தெறக்கிய? எங்க வார்டுல பெத்த தாயவே தெறக்க விட மாட்டோம். கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போவா. தெறந்தா உள்ள இருக்க ஈரமும் சூடும் ஓடிரும்லா. தண்ணி தெளிக்கேன்னு தெறந்தாலும் அதே கததான். சாத்திருங்க. சாத்திட்டு வெளிய இருங்க."

ஒரு டக். அப்புறம் மறுபடி அதே குரல்: "தனியா இருக்க முடியாமத்தான் தெறந்து தெறந்து பாக்கிய. எனக்குத் தெரியும்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக் கதவைக் கேட்கிறாளாம். டேப்பை நிறுத்திவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்தேன். டீக்கடையிலேயே கோபம் இறங்கிவிட்டது. இந்த ஊரில் இத்தனை பேர் தினம் என்னைப் பார்க்கிறார்கள். ஒருத்தருக்கும் அந்தச் சத்தம் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை.

அப்படியானால் அந்தக் குஞ்சுகளைக் கொன்றது நான். பார்க்கிற ஆசையில் கொன்றிருக்கிறேன்.

கேசட்டின் கடைசியில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள்: செப்டம்பர் பாதிக்குள் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று அங்கே சொல்லியாக வேண்டும். "இந்தத் தட்டு எப்படின்னு எழுதுங்க. அதப் பாத்துட்டு முடிவு பண்ணுதேன்."

நான்தான் ஒன்பதாம் தேதியே எழுதிப் போட்டுவிட்டேனே.

ஆகஸ்ட் 18

ஆதம் பாயைக் கூப்பிட்டுப் பெட்டிக் கதவில் ஒரு கண்ணாடி பதிக்கச் சொன்னேன். ரேடியோ ரிப்பேர்தான் தொழில். ஆனால் இந்தத் தெருவில் உடைந்த எதுவும் அவர் கைக்குப் போகாமல் இருக்காது. "மீன் தொட்டியா அண்ணாச்சி பண்ணப் போறிய?" என்றார். வேலை முடிந்ததும் கதவை ஆட்டிப் பார்த்து, "கீலு கத்துது, ஒரு சொட்டு எண்ணெய் விடுதேன்" என்றார். வேண்டாம், கத்தட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 20

மூட்டம் போட்டுத் தட்டு வைத்தேன். இந்தத் தடவை புரட்டுவதற்கு மட்டும் திறப்பது. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கை வைக்கக் கூடாது.

ஆகஸ்ட் 27

தட்டு செப்டம்பர் பத்தாம் தேதி பொரிக்கும். நன்றாக வந்தால் அன்றைக்கே தந்தி கொடுக்கலாம், நாள் இருக்கிறது. அதுவரை என்ன செய்ய? டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஆதம் பாய் கடைக்குப் போனேன். அந்த டக் சத்தத்தைச் சரி பண்ணச் சொன்னேன். வேறு கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தார். சுத்தமாக ஓடின. அவள் கேசட்டைக் கொஞ்சம் போட்டுக் கேட்டுவிட்டு உடனே நிறுத்திக் கையில் கொடுத்தார்.

"உங்க செட்டுல கோளாறு இல்ல அண்ணாச்சி. பேசுதவங்க நடுவுல பொத்தான அமுக்கி நிறுத்தியிருக்காங்க. நிறுத்திட்டு, பெறவு அமுக்கிப் பேசியிருக்காங்க. அந்தச் சத்தந்தான் இது."

எதற்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். அவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வீட்டுல போயிக் கேளுங்க" என்றார்.

ஆகஸ்ட் 28

சர்ச்சுக்குப் போகவில்லை. இந்த நான்கு வருடக் கேசட்டுகளையும் எடுத்து வரிசையாகக் கேட்டேன்.

டக். அதற்கு முன்னால் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். வார்த்தை தடுக்கும். டக். அதற்குப் பின்னால் மூக்கடைத்த குரலில் ஒரு சிரிப்பு. "பெறவு என்னங்க விசேஷம்" என்பாள். ஒவ்வொரு டக்கும் இப்படித்தான். அந்த உள்ளங்கைப் பிள்ளை பால் குடித்ததைச் சொல்லும் இடத்தில் மூன்று டக். என் அம்மா இறந்தபோது பேசி அனுப்பியதில் எண்ண முடியவில்லை.

அழுகை வரும்போதெல்லாம் நிறுத்தியிருக்கிறாள். அழுது முடித்து, முகம் துடைத்து, பிறகு எனக்காகச் சிரித்திருக்கிறாள். நான் டேப் ரிக்கார்டர் பழசு என்று எழுதி வைத்திருக்கிறேன். அங்கே இவ்வளவு சந்தோஷமா என்று எரிச்சல் வேறு பட்டிருக்கிறேன். சே.

அவள் என் கதவைக் கேட்டாள். நான் அவளைக் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 29

பத்தாம் தேதி வரை காத்திருக்க முடியாது என்று காலையில் தோன்றிவிட்டது. பொரித்தால் வா, பொரிக்காவிட்டால் வராதே என்று ஒரு மனுஷியிடம் சொல்வதற்கு நான் யார்? பொரிக்காவிட்டால் வேறு பிழைப்புப் பார்க்கலாம். இரண்டு பேராகப் பார்க்கலாம்.

தபால் ஆபீஸில் சங்கரபாண்டியன் இருந்தான். வெளிநாட்டுத் தந்தி என்றதும் எழுந்தே நின்றுவிட்டான். "அண்ணாச்சி, வீட்டுல ஏதும் துக்கமா?"

இல்லை என்றேன். அப்போதுதான் உறைத்தது, தந்தியைப் பார்த்ததும் அவளும் இப்படித்தான் பயப்படுவாள் என்று. 'எல்லாரும் நலம். கையெழுத்துப் போடாதே. வீட்டுக்கு வா' என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்த பிறகு யோசித்துப் பார்த்தால், எல்லாரும் என்றால் யார்? நானும் அந்த முட்டைகளும்தான்.

செப்டம்பர் 2

பதில் இல்லை.

செப்டம்பர் 8

பத்தொன்பதாம் நாள். கை பரபரக்கிறது. நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது. ஈரம் உள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். ஆவி படிந்ததால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. துடைக்க வேண்டுமானால் திறக்க வேண்டும். திறக்கவில்லை.

செப்டம்பர் 10

பொரித்துவிட்டது. முதலில் சத்தம்தான் வந்தது. ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு பெட்டி முழுக்க. கடைசிக் குஞ்சு ஈரம் உலரும்வரை கதவைத் தொடவில்லை. திறந்தால், தட்டில் ஓடுகளைவிடக் குஞ்சுகள்தான் தெரிகின்றன. பொரியாதது தட்டின் ஓரத்தில் கொஞ்சம்.

பேச்சித்தாய் வாயில் கை வைத்துக்கொண்டாள். "எல்லாம் புத்து மண்ணு." டாக்டர் வந்து, "பார்மலின் வே, பார்மலின்" என்றார். இரண்டு பேரிடமும் ஆமாம் என்றேன். சுந்தரபாய் இங்கே இல்லாததால் அவள் பங்கைச் சொல்ல ஆள் இல்லை. நான் சொன்னேன். கதவுச் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடித்தாள் என்றேன். பேச்சித்தாய் பெட்டிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அங்கன இருந்துக்கிட்டா?" என்றாள்.

செப்டம்பர் 13

அடுத்த தட்டு. பதில் இல்லை. சங்கரபாண்டியனைப் போய்க் கேட்டால், தந்தி அன்றைக்கே போய்விட்டது அண்ணாச்சி என்கிறான்.

செப்டம்பர் 17

கையெழுத்துக் கெடு முடிந்துவிட்டது. ராயகிரியிலிருந்து ஒருவர் குஞ்சு வாங்க வந்தார். ஜூலைக் குஞ்சுகளைக் காட்டினேன். மூட்டம் போட்ட முட்டையில் வந்தவை. அதற்கு முந்தின தட்டில் பிழைத்தவற்றோடு ஒரே பட்டியில் நிற்கின்றன. இளையவை பெரிதாக, அதற்குள் கொண்டை சிவந்து நிற்கின்றன. மூத்தவை இன்னும் சோணி. "எது மூத்ததுன்னு மாத்திச் சொல்லுதியளா?" என்றார் அவர்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். யாரிடம் படுவது?

செப்டம்பர் 22

கேசட் வந்தது.

ஏர் மெயில் கிடைத்த மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். என் தந்திக்கு ஒரு வாரம் முன்னால். "உன் விருப்பம்னு எழுதியிருந்திய. எனக்கு விருப்பம் எங்க இருக்கு, நீங்களே கைய விட்டுட்டிய, நான் வந்தும் என்ன செய்யன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வருசத்துக்கு." தந்தி வந்த அன்று ஆபீஸில் போய் நின்றிருக்கிறாள். மூன்று நாள் டூட்டி முடிந்து அங்கேயே நின்றிருக்கிறாள். இரண்டை ஒன்றாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். "ஒரு வருசம். அதுக்கு மேல ஒரு நா இருக்க மாட்டேன். இதத் தந்தியில சொல்ல வரலங்க எனக்கு."

அதற்குப் பிறகு அழுதாள். டக் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பொத்தானை அமுக்கவே இல்லை. அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி அழுது, யாரோ கதவைத் தட்டி, "ஒன்றுமில்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, மறுபடியும். கேசட்டின் அந்தப் பக்கம் முடிகிறவரை அப்படியே. நான்கு வருடத்தில் இன்றைக்குத்தான் என் பெண்டாட்டி அழுது கேட்டேன்.

எனக்கு ஆத்திரமாகவும் இருக்கிறது. அந்தக் கதவை நான் திறக்காமல் இருந்திருந்தால் ஆகஸ்ட் தட்டு பொரித்திருக்கும். அந்தக் கடிதம் போயிருக்காது. ஒரு வருடம். என் கையால் சம்பாதித்த ஒரு வருடம்.

செப்டம்பர் 25

சர்ச். கிருபாபாய் அக்கா கேட்டார்கள். "அடுத்த வருஷம் வாரா" என்றேன். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன். இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 2

பதில் கேசட் இன்று பேசினேன். பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். உள்ளே பத்தொன்பதாம் நாள் தட்டு.

ஜூலைக் குஞ்சுகள் வளர்ந்திருப்பதைச் சொன்னேன். பீரோவில் இப்போது உன் ஆஸ்பத்திரி நெடிதான் அடிக்கிறது, அதனால் திறந்து மூடுவதை விடவில்லை என்றும் சொன்னேன். புற்று மண் சண்டையைச் சொன்னேன். எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. பிறகு பேச ஒன்றும் இல்லை, டேப் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு குஞ்சு ஓட்டைக் கொத்துகிற சத்தம் லேசாகக் கேட்டது. டேப் ரிக்கார்டரைத் தூக்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தேன். பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. எடுத்துக்கொண்டேன். டேப் முடிகிறவரை அப்படியே நின்றேன்.

சாயந்திரம் முழுவதையும் ஒரு தரம் போட்டுக் கேட்டேன். தறிச் சத்தம் இருக்கிறது, குஞ்சு கொத்துவது இருக்கிறது, நான் இருக்கிறேன். கதவு எங்கேயும் கேட்கவில்லை.

நாளை காலை தபாலில் சேர்க்க வேண்டும்.